குடியிருப்போரும் குடிமக்களும்: கெல்சென்கிர்ச்சன் நகரத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பின் வரலாறு

முன்னுரை

ஜேர்மனியின் ரூர் நிலக்கரிப் பிரதேசத்தின் நடுவே அமைந்த தொழில் நகரம் கெல்சென்கிர்ச்சன். உருக்காலைகளும் சுரங்கங்களும் இரவு பகலாக எரிந்த காலத்தில் அது 'ஆயிரம் நெருப்புகளின் நகரம்' என அழைக்கப்பட்டது. 1950களின் இறுதியில் ஏறத்தாழ 3,90,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1958இல் தொடங்கிய நிலக்கரி நெருக்கடிக்குப் பின்னர் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இன்று அந்நகரின் மக்கள்தொகை 2,60,000க்கும் 2,70,000க்கும் இடைப்பட்டது.

வளரும் நகரில் திட்டமிடல் என்பது எங்கே புதிதாகக் கட்டுவது என்ற வினா. சுருங்கும் நகரில் அது எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது என்ற வினாவாக மாறிவிடுகிறது. அவ்வினாவுக்குரிய விடை பெரும்பாலும் வசதி குறைந்தோர் வாழும் பகுதிகளின் மீதே வந்து விழுகிறது. எனவே, ஒரு குடியிருப்புப் பகுதியின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் பேச உரிமையுடையவர் யார் என்பது கெல்சென்கிர்ச்சனில் ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. அது ஒருவருடைய வீடு நிற்குமா நிற்காதா என்பதோடு கட்டுண்டது.

மக்கள் பங்கேற்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கூட்டம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதையே ஆராய்கின்றன. கூட்டத்துக்கு வரத்தக்கவராக யார் எண்ணப்பட்டார் என்பதே அதற்கு முந்திய வினா என்பது இக்கட்டுரையின் வாதம். கெல்சென்கிர்ச்சனின் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இவ்வாதத்துக்குச் சான்றாகிறது. புலம்பெயர்ந்த தமிழருக்கும் தாயகத் தமிழருக்கும் அது பயனுள்ள பாடமுமாகும்.

இரு சொற்களின் வேறுபாடு

கெல்சென்கிர்ச்சன் அமைந்துள்ள வட ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தின் உள்ளூராட்சிச் சட்டம் இரண்டு சொற்களைத் தெளிவாகப் பிரித்து வரையறை செய்கிறது. ஊரில் வாழ்பவர் 'ஐன்வோனர்'. அந்த ஊரின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றவர் 'பூர்கர்'. தமிழில் முன்னதைக் குடியிருப்போர் எனவும் பின்னதைக் குடிமக்கள் எனவும் வழங்கலாம். இந்த வேறுபாட்டுக்கு நடைமுறையில் விளைவு உண்டு. ஒரு விடயத்தை மாநகரசபை ஆராயவேண்டும் எனக் கோரும் விண்ணப்பத்தில் 14 வயது நிறைந்த குடியிருப்போர் கையொப்பமிடலாம். ஆனால், மாநகரசபையின் முடிவை மாற்றவல்ல மக்கள் வாக்கெடுப்பைக் கோரும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கேட்பது இருவருக்கும் பொது. முடிவெடுப்பது ஒருவருக்கே உரியது.

தமிழில் 'குடி' என்ற வேர்ச்சொல் இவ்விரு பொருளையும் தன்னுள் அடக்கியுள்ளது. வீடு, குடும்பம், மரபு, ஆளப்படும் மக்கள் என அது விரிகிறது. குடியிருத்தலும் குடிமையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஆயினும், சொல் ஒன்றாக இருந்ததால் உரிமையும் ஒன்றாக இருந்தது என்று நாம் மகிழ்வதற்கில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறை, ஊராட்சிக்கான தெரிவு முறை என்ற வகையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. வாரிய உறுப்பினராகத் தகுதி பெற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழவேண்டும். 35 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவராகவும் வேதக் கல்வி உடையவராகவும் இருக்கவேண்டும். அந்த ஊரின் நிலத்தை உழுதவரும் ஏரியைத் தூர்வாரியவரும் ஊரில் வாழ்ந்தவரே. ஆயினும் அவருடைய பெயர் ஓலையில் எழுதப்படவில்லை. நிலவுடைமையும் பிறப்பும் கல்வியும் சபையின் வாசலைக் காத்து நின்றன. ஐரோப்பிய நகரங்களின் பழைய 'பூர்கர்' உரிமையும் உடைமையோடு பிணைந்தே வளர்ந்தது. ஆகவே, வாழ்வோருக்கும் உரிமையுடையோருக்கும் இடையிலான இடைவெளி எந்த ஒரு பண்பாட்டுக்கும் தனியுரிமையன்று.

கூட்டத்தின் மொழி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரூர்ச் சுரங்கங்கள் விரிவடைந்தபோது, பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் வந்து சேர்ந்தனர். போலிஷ் மொழி பேசிய கத்தோலிக்கரும் மசூரியப் பகுதியிலிருந்து வந்த புரட்டஸ்தாந்தரும் அவர்களுள் அடங்குவர். மசூரியருட் பலர் கெல்சென்கிர்ச்சனிலே குடியேறினர். 1904இல் தோன்றிய ஷால்க 04 உதைபந்தாட்டக் கழகத்தின் புகழ்பெற்ற வீரர்களான ஏர்ன்ஸ்ட் குசோராவும் ஃபிரிட்ஸ் ஷெப்பானும் அவ்வாறு வந்த குடும்பங்களின் பிள்ளைகளே.

இம்மக்களுட் பெரும்பாலோர் சட்டப்படி பிரஷ்யக் குடிமக்கள். ஆயினும் அவர்களுடைய மொழி ஐயத்தோடு நோக்கப்பட்டது. 1899இல் வெளியிடப்பட்ட சுரங்கப் பாதுகாப்பு ஒழுங்குவிதியொன்று, போதிய ஜேர்மன் மொழியறிவு உள்ளோரையே சுரங்கவேலைக்கு அமர்த்தலாம் என விதித்தது. 1908ஆம் ஆண்டின் பேரரசுச் சங்கச் சட்டம் பொதுக்கூட்டங்கள் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறவேண்டும் எனக் கட்டளையிட்டது. நீண்டகாலமாக வாழும் வேற்றுமொழியினர் 60 விழுக்காட்டைத் தாண்டிய மாவட்டங்களுக்குச் சில காலம் விலக்கு அளிக்கப்பட்டது. புதிதாக வந்து குடியேறியோர் வாழ்ந்த ரூர்ப் பிரதேசம் அவ்விலக்கினுள் அடங்கவில்லை. இந்த மொழிவிதி 1917இல் நீக்கப்பட்டது.

நகரத் திட்டமிடல் வரலாற்று நூல்கள் இச்சட்டத்தைப் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை. ஆனால், பங்கேற்பின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது எனக் கருதுவது பொருந்தும். ஒரு கூட்டத்தில் எந்த மொழி பேசப்படும் என்று தீர்மானிப்பவர், யார் வாய் திறக்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறார். குடிமையைத் தாளில் பெற்றிருந்தும், தம் மொழியிற் கூட்டம் கூட இயலாத மக்கள் அந்நகரின் முதல் தலைமுறைத் தொழிலாளர். ஆட்சிமொழி உரிமைக்காகப் பல பதிற்றாண்டுகள் போராடிய இலங்கைத் தமிழருக்கு இவ்வனுபவத்தை விளக்கிக் கூறவேண்டிய தேவையில்லை.

ஊக்கன்டோர்ப்: இடிப்பை மறுத்தவர்கள்

சுரங்க நிறுவனங்கள் தம் தொழிலாளருக்காகக் கட்டிய குடியிருப்புகளை ரூர் மக்கள் 'கொலொனி' என்பர். ஒன்று அல்லது இரண்டு மாடிகள் கொண்ட செங்கல் வீடுகள், பின்புறத்தில் காய்கறித் தோட்டம், ஒரு சிறு கொட்டில் என்பன அவற்றின் பொது அமைப்பு. கொட்டிலில் வளர்ந்த ஆட்டுக்குச் 'சுரங்கத் தொழிலாளியின் பசு' என்று பெயர். புறா வளர்ப்பும் பெருவழக்கு. வீடு நிறுவனத்துக்குச் சொந்தமானது; தோட்டமும் அயலாரோடு கொண்ட உறவும் குடியிருப்போர் தம் உழைப்பால் உண்டாக்கியவை.

நிலக்கரி நெருக்கடியின்பின் இக்குடியிருப்புகளின் பொருளியல் தலைகீழாக மாறியது. தொழிலாளரைத் தக்கவைப்பதற்காகக் கட்டப்பட்ட வீடுகள் சுரங்கம் மூடப்பட்டபின் நிறுவனக் கணக்கேட்டிற் சுமையாயின. அவை நின்ற நிலமோ மதிப்புடையதாயிற்று. பரந்த தோட்டங்களை அகற்றி உயர்மாடிக் கட்டடங்களை எழுப்பினால் ஒரே நிலத்தில் பன்மடங்கு வாடகை கிடைக்கும். 'புனரமைப்பு' என்ற சொல் அக்காலத்தில் பெரும்பாலும் இடிப்பையே குறித்தது.

கெல்சென்கிர்ச்சனின் தென்பகுதியான ஊக்கன்டோர்பில் ஃப்ளோட்ஸ் டிக்கபாங்க் என்ற தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. நிலத்தடியில் ஓடும் ஒரு நிலக்கரிப் படுகையின் பெயரே அதற்கு வழங்கிற்று. 1970களின் முற்பகுதியில் இக்குடியிருப்பும் இடிப்புப் பட்டியலில் சேர்ந்தது. 1974இல் அங்கு வாழ்ந்தோர் குடியிருப்போர் குழுவொன்றை அமைத்து எதிர்த்தனர். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர், அவர்களுடைய மனைவியர், விதவையர், இளங்குடும்பத்தினர் எனப் பலரும் அதில் இணைந்தனர். அவர்கள் கேட்டவை எளியவை: வீடு நிற்கவேண்டும், திருத்தப்படவேண்டும், திருத்தியபின்னும் வாடகை தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

அதே பிரதேசத்து நகரான ஓபர்ஹவுசனில், 1846இல் தொடங்கப்பட்ட ஐசன்ஹைம் குடியிருப்பைக் காப்பதற்கான போராட்டமும் இதே காலத்தில் நடைபெற்றது. கலை வரலாற்றாளரான ரோலண்ட் குந்தர் அதற்குத் துணைநின்றார். இவ்வாறு ரூர்ப் பிரதேசமெங்கும் எழுந்த குழுக்கள் ஒன்றையொன்று கண்டு கற்றன. ஐசன்ஹைமும் ஃப்ளோட்ஸ் டிக்கபாங்கும் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, இக்குழுக்களைக் கூட்டியது எந்தத் திட்டமிடல் அலுவலகமும் அன்று. அழைப்பின்றி வந்தவர்களே அழைக்கப்படும் நிலையை உருவாக்கினர். இரண்டாவது, அவர்கள் 'வேண்டாம்' என்பதோடு நிற்கவில்லை. எந்த வீட்டின் கூரை எவ்வாறு பழுதுபட்டிருக்கிறது, எந்தப் பொது வெளியில் பிள்ளைகள் விளையாடுகின்றனர், எந்த முதியவர் யாருடைய உதவியில் வாழ்கிறார் என்பவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். அறிவியல் ஆய்வுகள் பின்னர் 'உள்ளூர் அறிவு' என்று பெயரிட்டது இதனையே.

1971: இரு நாடுகளில் இரு சட்டங்கள்

1960ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கட்டடச் சட்டத்தின்படி, திட்ட வரைவு ஒரு மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. மறுப்புகளை எழுத்தில் தரலாம். 1971இல் இயற்றப்பட்ட நகரப் புனரமைப்பு ஊக்குவிப்புச் சட்டம், புனரமைப்பால் பாதிக்கப்படும் உரிமையாளர், வாடகையாளர் ஆகியோருடன் கலந்து பேசவேண்டும் எனவும், அவர்களுக்கான சமூகத் திட்டமொன்றைத் தயாரிக்கவேண்டும் எனவும் விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. திட்டத்தின் நோக்கங்களையும் மாற்று வழிகளையும் இயன்றவரை முற்கூட்டியே மக்கள் முன் வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது சட்டமாயிற்று. ரூர்க் குடியிருப்புகளிலும் ஏனைய ஜேர்மன் நகரங்களிலும் எழுந்த எதிர்ப்புகளின் பின்னணியிலேயே இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள முடியும்.

அதே 1971இல் தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. குடிசைப் பகுதிகளின் மேம்பாடு மற்றும் அகற்றல் பற்றிய சட்டமும் அவ்வாண்டிற்குரியதே. நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டு, மறுப்புகளையும் ஆலோசனைகளையும் வரவேற்கவேண்டும். எழுத்தறிவும் வரைபடத்தை வாசிக்கும் பயிற்சியும் அரசிதழைத் தேடிப் பார்க்கும் வாய்ப்பும் உடையவருக்கே இது பயன்பட்டது என்பது வெளிப்படை. திட்டம் முழுவடிவம் பெற்ற பின்னரே மக்கள் அதனைக் காண்கின்றனர். 1960ஆம் ஆண்டு ஜேர்மன் சட்டத்தின் குறையும் இதுவே. 1976இல் ஜேர்மனி எடுத்த அடுத்த படி, 'முன்னரே கேட்டல்', தமிழ்நாட்டின் நகரத் திட்டமிடல் சட்டத்தில் அப்போது இடம்பெறவில்லை. நகர்ப்புறங்களில் பகுதி சபைகளை அமைப்பதற்கான விதிகள் 2022இல் வெளிவந்து, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சி நாளில் முதற் கூட்டங்கள் கூடின. அவை குறைகேட்கும் இடங்களாகவே நின்றுவிடுமா, நெடுங்காலத் திட்டத்தை வகுக்கும் இடங்களாக வளருமா என்பதில்தான் அவற்றின் எதிர்காலம் தங்கியுள்ளது.

எம்ஷர் பூங்கா: அழைக்கப்பட்ட பங்கேற்பு

1989 முதல் 1999 வரை நடைபெற்ற எம்ஷர் பூங்கா பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி, ரூர்ப் பிரதேசத்தின் வடபகுதியைப் புத்துருவாக்கும் பத்தாண்டுத் திட்டமாகும். கார்ல் கன்சரின் தலைமையில் இயங்கிய அதன் அலுவலகம் கெல்சென்கிர்ச்சனிலேயே, ஒரு முன்னாள் சுரங்கத்தின் கட்டடத்தில் அமைந்திருந்தது. பத்தாண்டுகளுக்கும் பொருந்தும் ஒரே பெருந்திட்டத்தை வரைவதை கன்சர் தவிர்த்தார். தொலைநோக்கை உறுதியாகப் பற்றிக்கொண்டு, சிறு சிறு செயற்றிட்டங்கள் வழியே முன்னேறுவது அவருடைய வழிமுறை.

இக்காலத்துப் பணிகளுள் நகரின் வடபகுதியான பூரில் உள்ள ஷூங்கல்பெர்க் குடியிருப்பு குறிப்பிடத்தக்கது. ஹூகோ சுரங்கத் தொழிலாளருக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பூங்காநகர் மரபில் கட்டப்பட்டது அது. 1990களில் அங்கு வாழ்ந்தோருட் பெரும்பாலானோர் துருக்கியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர். துருக்கியுடனான தொழிலாளர் சேர்ப்பு உடன்படிக்கை 1961இல் கையெழுத்தாகி, சேர்ப்பு 1973இல் நிறுத்தப்பட்டது. 'விருந்தினத் தொழிலாளர்' என்ற பெயரே அவர்கள் திரும்பிச் செல்வோர் என்ற எண்ணத்தை உள்ளடக்கியிருந்தது. அவர்களோ குடும்பத்தை வரவழைத்துத் தோட்டம் வைத்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர்.

ஷூங்கல்பெர்க்கில் பழைய வீடுகள் இடிக்கப்படாது திருத்தப்பட்டன. சுவிற்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் ரொல்ஃப் கெல்லரின் வடிவமைப்பில் புதிய வீடுகள் பழைய தெருக்களின் போக்கைத் தொடர்ந்து எழுந்தன. மழைநீரைச் சாக்கடைக்கு அனுப்பாது நிலத்தில் இறங்கவிடும் அமைப்பும் உருவாக்கப்பட்டது. வாக்குரிமை அற்ற மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஒரு பகுதி, வெளியேற்றப்படாமல், அதன் எதிர்காலத்தின் உரித்தாளராக நடத்தப்பட்டது. 1970களின் வழக்கத்தோடு ஒப்பிடுகையில் இது பெரிய மாற்றமே.

எனினும் விமரிசனமும் தகும். இக்கண்காட்சியின் முக்கிய முடிவுகளை மாநில அரசும் நிபுணரும் நிறுவனங்களும் எடுத்தனர். மக்கள் அழைக்கப்பட்டது பெரும்பாலும் எடுக்கப்பட்ட முடிவுக்குள் உருவம் கொடுப்பதற்கே. அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வகுத்த பங்கேற்பு ஏணியில், கலந்தாலோசனைக்கும் அதிகாரப் பகிர்வுக்கும் இடையிலுள்ள படியையே இம்முயற்சிகள் எட்டின.

பிஸ்மார்க்: கதவு திறந்த அலுவலகம்

1993இல் கொன்சொலிடாட்சியோன் சுரங்கம் மூடப்பட்டபோது, அதனை நம்பி வாழ்ந்த பிஸ்மார்க், ஷால்க வடக்கு ஆகிய பகுதிகள் வேலையின்மையில் ஆழ்ந்தன. சிறப்புப் புதுப்பித்தல் தேவைப்படும் நகரப் பகுதிகளுக்கென வட ரைன் வெஸ்ட்பாலியா அரசு 1993இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பிஸ்மார்க்கும் ஷால்க வடக்கும் அதனுள் சேர்க்கப்பட்டன. 1999இல் கூட்டாட்சி அரசு 'சமூக நகரம்' என்ற நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியபோது, இப்பகுதி அம்மாநிலத்தின் மாதிரிப் பகுதியாகத் தெரிவு செய்யப்பட்டது.

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒரு எளிய ஏற்பாடு: குடியிருப்புப் பகுதியின் உள்ளேயே, நடந்து சென்று கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் ஓர் அலுவலகம். மாநகரசபையின் கட்டட, சமூக, கல்வித் துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பேசுவதை விடுத்து ஓரிடத்தில் கூடின. குப்பை, விளையாட்டிடம், பள்ளிச் சேர்க்கை, வேலைப் பயிற்சி என அன்றாடக் குறைகளுடன் வந்தவர்கள் காலப்போக்கில் பகுதியின் எதிர்காலத்தைப் பற்றியும் பேசத் தொடங்கினர். நெடுங்காலத் திட்டத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்றால் வராதவர், பழுதான தெருவிளக்கைப் பற்றிப் பேச வருவார். அவர் மீண்டும் வருவதற்கு அந்த விளக்கு எரியவேண்டும்.

பிஸ்மார்க்கில் எழுந்த புரட்டஸ்தாந்தத் திருச்சபையின் ஒருங்கிணைந்த பள்ளி இன்னொரு எடுத்துக்காட்டு. 1998இல் தொடங்கிய அப்பள்ளியைக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஹூப்னர் ஒரு சிற்றூர் போல வடிவமைத்தார். வகுப்பறை வீடுகளை மாணவரே மாதிரி செய்து, கலைஞருடன் விவாதித்து உருவாக்கினர். முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் அப்பள்ளி, அயலாரும் பயன்படுத்தும் இடமாகத் திட்டமிடப்பட்டது. வாக்குரிமைக்கு வயது வராத பிள்ளைகள், தாம் ஆண்டுக்கணக்கில் அமரப்போகும் அறையின் சாளரம் எங்கே இருக்கவேண்டும் எனத் தீர்மானித்தனர். 2013ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுவரும் இளையோரும் திட்டமிடலில் கேட்கப்படவேண்டிய பொதுமக்களே என்பதைச் சட்டத்தில் எழுதிற்று. பிஸ்மார்க்கின் பிள்ளைகள் அச்சட்டத்துக்கு முந்தியவர்கள்.

சட்டத்தின் சொல்லாட்சியும் மாறியது. கட்டடச் சட்டக் கோவையில் 'பூர்கர் பங்கேற்பு' என்றிருந்த தலைப்பு 2004இல் 'பொதுமக்கள் பங்கேற்பு' ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றாடல் நெறிமுறைகளுக்கு இணங்கச் செய்யப்பட்ட இந்த மாற்றம், திட்டமிடலில் கேட்கப்படும் உரிமை குடிமையைச் சார்ந்ததன்று என்பதைச் சொல்லளவிலும் தெளிவாக்கியது. எனினும், கேட்கப்படும் உரிமையோடு முடிவெடுக்கும் உரிமை சேரவில்லை. வெளிநாட்டவருக்கு உள்ளூராட்சி வாக்குரிமை வழங்க முனைந்த மாநிலச் சட்டங்களைக் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 ஒக்ரோபர் 31இல் செல்லாதனவாக்கியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தவர்க்கு அவ்வுரிமை கிடைத்தது. துருக்கியரும் இலங்கையரும் ஜேர்மன் குடியுரிமை பெற்றாலன்றி இன்றும் அதற்கு வெளியே நிற்கின்றனர்.

இன்று ஊக்கன்டோர்பின் போஹூமர் வீதியில், சீர்குலைந்த வீடுகளை நகரம் வாங்கிச் சிலவற்றைத் திருத்தியும் சிலவற்றை அகற்றியும் வருகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இடிப்புக்கு எதிராக எழுந்த அதே நகரப்பகுதியில் இடிப்பு மீண்டும் திட்டமிடற் கருவியாகியுள்ளது. கைவிடப்பட்ட வீடு அயலையே கெடுக்கிறது என்ற நகரத்தின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், அத்தகைய வீடுகளில் மிகக் குறைந்த வசதியோடு வாழ்வோர் புதிதாக வந்த ஏழைக் குடும்பத்தினர். அவர்கள் குடியிருப்போர் என்ற கணக்கில் வருகின்றனரா, அகற்றப்படவேண்டிய சிக்கலின் ஒரு கூறாகவே கருதப்படுகின்றனரா என்ற வினா 1974இன் வினாவிலிருந்து வேறுபட்டதன்று.

கொழும்பும் வடக்கும்: ஒப்புநோக்கு

மக்கள் பங்கேற்பை மேலைநாட்டின் கொடையாகக் கருதுவது தவறு. இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்துலட்சம் வீட்டுத் திட்டம் உலகத் திட்டமிடல் வரலாற்றில் தனியிடம் பெற்றது. தேசிய வீடமைப்பு அதிகாரசபை வீட்டைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து விலகி, குடும்பங்கள் தாமே கட்டத் துணைநின்றது. கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் சமுதாய அபிவிருத்திச் சபைகள் இயங்கின. அதிகாரிகளும் குடியிருப்போரும் கூடிய செயற்றிட்டப் பட்டறைகளில், காணித்துண்டுகள் எவ்வாறு பிரிக்கப்படும், ஒழுங்கை எவ்வளவு அகலமாக இருக்கும், கட்டட விதிகள் எவை என்பன அவ்வவ்விடத்திலேயே முடிவாயின. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்த இடங்கள் இவை. ஆர்ன்ஸ்டைனின் ஏணியில் கெல்சென்கிர்ச்சன் எட்டியதைவிட உயர்ந்த படி இது எனலாம்.

ஆயினும் அது நிலைக்கவில்லை. 1990களின் இறுதியிலிருந்து கொள்கை உயர்மாடிக் குடியிருப்புகளை நோக்கித் திரும்பியது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்தோர் மாடிக்குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். பட்டறையில் முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு திட்டத்தின் கொடையாக வந்தது. திட்டம் முடிந்ததும் போயிற்று. கெல்சென்கிர்ச்சனில் அதிகாரம் சிறிது, ஆனால் சட்டத்தில் வேரூன்றியது. கொழும்பில் அதிகாரம் பெரிது, ஆனால் சட்டத்தில் வேரற்றது.

போருக்குப் பிந்திய வடக்கு கிழக்கிலும் இவ்வினா எழுந்தது. 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் அரசின் திட்டம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வெப்பம், காற்றோட்டம், நீடித்துழைப்பு, செலவு ஆகியன பற்றிக் கட்டடத்துறையினரும் மக்கள் பிரதிநிதிகளும் வினா எழுப்பினர். பிள்ளை திருமணம் செய்தால் ஓர் அறையை இழுத்துக் கட்டவும், ஒரு சுவரை இடித்து வழியெடுக்கவும் இடந்தரும் கல்வீடே தம் வாழ்முறைக்கு ஏற்றது என்பது மக்கள் நிலைப்பாடு. திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. வீடு என்பது ஒரு நாளில் பொருத்தி முடிக்கப்படும் பொருளன்று, தலைமுறைதோறும் வளர்வது என்ற அறிவு, ஃப்ளோட்ஸ் டிக்கபாங்க் தொழிலாளரின் அறிவோடு ஒத்தது.

ரூர்த் தமிழரும் நெடுங்காலமும்

1983க்குப் பின்னர் ஜேர்மனிக்கு வந்த ஈழத்தமிழருட் பெருந்தொகையினர் ரூர்ப் பிரதேசத்திலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். புகலிடக் கோரிக்கையாளராக வந்தவர்களுக்கு அதிகாரிகள் ஒதுக்கிய மாவட்டத்தைவிட்டு நீங்க அனுமதி தேவைப்பட்டது. பலர் ஆண்டுக்கணக்காகத் தற்காலிகத் தங்கலுடன் வாழ்ந்தனர். அடுத்த ஆறு மாதம் உறுதியற்ற ஒருவரிடம் அடுத்த இருபது ஆண்டுகளைப் பற்றிக் கருத்துக் கேட்பது வெறும் சடங்கு. நெடுங்காலத் திட்டத்தில் பங்கேற்பதற்கு நெடுங்காலம் தங்கும் உறுதி முன்நிபந்தனை. திட்டமிடல் இலக்கியம் இதனைப் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

ரூரின் கிழக்கு விளிம்பிலுள்ள ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் இதற்கொரு சான்று. 1989இல் சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கிய அக்கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்குமிருந்து அடியார் திரண்டனர். நெரிசலும் வாகனங்களும் அயலாரின் முறைப்பாட்டுக்கு உள்ளாகின. நகர நிர்வாகத்துடன் நிகழ்ந்த பேச்சுகளின் விளைவாக ஊன்ட்ரொப் என்ற புறநகர்ப் பகுதியின் தொழில் வலயத்தில் நிலம் கிடைத்து, இராசகோபுரத்துடன் கூடிய கோயில் 2002இல் குடமுழுக்குக் கண்டது. பல்லாயிரம் பேர் கூடும் தேரோட்டத்துக்கு அவ்விடம் வசதியானது, நகரம் ஒத்துழைத்தது. இது ஒரு வெற்றியே. ஆனால், இத்தீர்வு குடியிருப்புப் பகுதிக்கு வெளியே கிடைத்தது. தொழில் வலயத்தில் அயலார் இல்லை. ஆகவே அயலாருடன் இணங்கித் திட்டமிடவேண்டிய தேவையும் எழவில்லை. கோயிலுக்கு இடம் கிடைத்தது. தமிழர் வாழும் தெருவின் திட்டத்தில் தமிழருக்குரிய இடம் என்ற வினா அப்படியே எஞ்சியது.

இன்று நிலைமை மாறிவருகிறது. ஜேர்மன் குடியுரிமை பெற்ற தமிழர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் இப்போது 'பூர்கர்'. சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் விழா மண்டபத்துக்கு விண்ணப்பிப்பதோடு நின்றுவிடாது, தம் பகுதியின் நிலப்பயன்பாட்டுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும்போது அதனை வாசித்துக் கருத்துரைக்கும் காலம் வந்துவிட்டது. முதியோர் பராமரிப்பு இல்லம் எங்கே அமையும், ஈமக் கிரியைக்கு எத்தகைய இடம் ஒதுக்கப்படும் என்பவை இனிவரும் இருபது ஆண்டுகளில் நேரடியாக நம்மைத் தொடும் திட்டமிடல் வினாக்கள்.

முடிவுரை

கெல்சென்கிர்ச்சனின் வரலாறு மூன்று தடைகள் தளர்ந்த வரலாறாகும். 1908இல் மொழி தடையாயிற்று. 1974இல் உடைமை தடையாயிற்று. வீட்டுக்குரிய நிறுவனமே அதன் எதிர்காலத்தையும் தனதென்றது. பின்னர் குடிமை தடையாயிற்று. முதலிரண்டும் பெருமளவு தளர்ந்துள்ளன. மூன்றாவது, கேட்கப்படும் உரிமையளவில் தளர்ந்து, முடிவெடுக்கும் உரிமையளவில் இன்னும் இறுகியே உள்ளது. எந்தத் தடையும் தானாகத் தளரவில்லை. தடைக்கு வெளியே நின்றவர்களே அதனை அசைத்தனர்.

ஒரு பகுதியில் வாழ்வோரின் பங்கேற்பை மதிப்பிட, கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணினால் போதாது. வரமுடியாமல் போனவர் யார், எக்காரணத்தால் என்பதையும் எண்ணவேண்டும். தமிழில் குடியிருத்தலும் குடிமையும் ஒரே வேரைக் கொண்டவை. அந்த வேர்ச்சொல்லின் பொருளைத் திட்டமிடற் சட்டங்கள் எட்டுவதற்கு, சென்னையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கெல்சென்கிர்ச்சனிலும் இன்னும் தொலைவு உண்டு.